தனி அடுப்பு

துரைராசுவுக்கு வரி கட்டப் பணம் இல்லாமல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, அவருக்காக யாரும் பரிதாபப்பட்டு ஏமாந்து போக வேண்டாம். கீழ்வேளூருக்குத் தெற்கே சித்தாநல்லூரில் அவருக்குப் பத்து ஏக்கர் நஞ்சை, ஒரு போர்வெல், மெத்தை வீடு, குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் பிரபு என்ற ஒரே மகன். பேரனுக்குக் காது குத்தியபோது போட்ட வெடியில் பக்கத்து ஊர்க் கோழிகளெல்லாம் முட்டையிட மறந்துவிட்டன என்று பேச்சு. அப்பேர்ப்பட்டவரின் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்பதாயிரம் ரூபாய்.

சித்தாநல்லூரில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. ஓர் அடுப்பு எரிந்தால் ஒரு தலைக்கட்டு. அண்ணன் தம்பிகள் எத்தனை பேராக இருந்தாலும் ஒரே உலையில் வடித்துச் சாப்பிட்டால் ஒரே வரி. ஒருவன் பிரிந்துபோய் அடுப்பு மூட்டினால் அவனுக்குத் தனி வரி. அடுப்புக்கு வருஷம் மூவாயிரம். மாரியம்மன் திருவிழாவும் வாய்க்கால் தூர்வாருவதும் அந்தப் பணத்தில்தான் நடக்கும். வரி கட்டும் வீட்டிலிருந்து ஒருவர் கோயில் மண்டபத்து ஜமக்காளத்தில் உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். வீட்டு ஆண் வெளிநாட்டில் இருந்தால் மனைவி வரலாம். பாதி ஊர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கிடக்கும்போது அதற்கும் இடம் கொடுக்காவிட்டால் ஜமக்காளத்தை உதறி விரிக்கக்கூட ஆள் இருக்காது.

இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த ஊரில் சித்திரை மாதக் கூட்டத்தில் மாலதி எழுந்து நின்றாள். உரக்கடை வைத்திருப்பவள். கணவன் சிங்கப்பூரில். யார் வயலுக்கு எத்தனை மூட்டை டிஏபி போகிறது, யார் அதைக் கடனுக்கு வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

“எல்லா அடுப்புக்கும் ஒரே வரிங்கறது எனக்குச் சரியாப் படலைங்க,” என்றாள். “நிலமே இல்லாத வீட்டுக்கு வரி வேண்டாம். அஞ்சு ஏக்கர் வரைக்கும் இப்ப இருக்கற மூவாயிரம். அதுக்கு மேல உள்ளவங்க பன்னண்டாயிரம் குடுக்கட்டும். மிஞ்சற பணத்துல, ஐப்பசி கார்த்திகை மழையில வேலையில்லாம உக்காந்திருக்கற கூலிக்காரங்க வீட்டுக்கு மாசம் இவ்வளவுன்னு ஊரே குடுக்கலாம்.”

வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கும் ஏதாவது போட வேண்டும் என்று அவள் தொடங்கியதும் மண்டபமே ஒரே குரலில் கத்தியது. அந்தப் பேச்சு அங்கேயே அடங்கிவிட்டது. நிலத்துக்கான அடுக்கு வரி மட்டும் நின்றது, ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால்.

அந்த விரல்களில் பெரிய விரல் துரைராசு. எழுந்தார். மேடைப்பேச்சு அவருக்கு நன்றாக வரும்.

“சாமி ஒண்ணு, வாய்க்கா ஒண்ணு, வரி மட்டும் எதுக்கு ரெண்டு மூணு? நான் பத்து ஏக்கரை யார்கிட்டயும் பிடுங்கிக்கல. எங்கப்பா விட்டது நாலு. மீதி ஆறு நான் சேத்தது. சேத்தவனுக்கு அபராதமா? குடுக்கறதுன்னா மனசு வந்து குடுக்கணும். மழைக்காலத்துல என் வாசல்ல வந்து நின்னவங்களை நான் வெறுங்கையோட அனுப்பியிருக்கேனா?”

“வாசல்ல வந்து நிக்கக் கூடாதுன்னுதாண்ணே சொல்றேன்,” என்றாள் மாலதி. “அதோட, வாய்க்கா ஒண்ணுதான். தண்ணி எல்லா வயலுக்கும் ஒரே அளவாவா பாயுது? ஒங்க பத்து ஏக்கருக்குப் பாயற தண்ணிக்கும், நிலமே இல்லாத பக்கிரி அண்ணனுக்கும் ஒரே தூர்வாரற காசா?”

தெற்குத் தெருப் பக்கிரி ஜமக்காளத்தின் ஓரத்தில் இருந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். அவர் மாலதி பக்கம்தான் பேசுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“எனக்கு வரி வேணாம்னு சொல்லாதீங்கம்மா,” என்றார் அவர். “எங்கப்பா காலத்துல எங்க தெருவுல வரியே வாங்கமாட்டாங்க. வாங்கிக்குங்கன்னு சண்டை போட்டுத்தான் இந்த ஜமக்காளத்துல உக்காந்தோம். நாளைக்கு நான் எந்திரிச்சுப் பேசுனா, வரி கட்டாதவனுக்கு என்ன பேச்சும்பாங்க.”

“வரி வேற, உரிமை வேறண்ணே. கட்டாட்டியும் கை தூக்கலாம்னு எழுதிடலாம்.”

“எழுதலாம். இங்க உக்காந்திருக்கறவங்க அப்படி நினைக்கணுமே.”

அவர் பின்னாலிருந்து அவர் தெருக்காரர் ஒருவரே, “மூவாயிரம் மிச்சமானா ரெண்டு மாசக் கஞ்சிக்கு ஆகும், ஒனக்கென்ன வீம்பு?” என்று முணுமுணுத்தார். பக்கிரி திரும்பிப் பார்க்கவில்லை. துரைராசுவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது. பக்கிரியின் அப்பாவிடம் வரி வாங்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் குதித்தவர்களில் தன் அப்பாவும் ஒருவர் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வரவில்லை.

ஊர்த் தலைவர் புகழேந்தி ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எதையும் ஒத்திப்போடுவதில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். அடுப்புக் கணக்கையும் நிலக் கணக்கையும் முதலில் புதிதாக எடுப்போம், ஆடியில் கூடி முடிவெடுப்போம் என்றார். அடுப்பு உண்மையாக எரிகிறதா என்று ஒரு குழு சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும். குழுவில் அவரும் மாலதியும் இன்னும் இரண்டு பேரும்.

கணக்கெடுப்பு என்றதும் ஊருக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. வடக்குத் தெருவில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூன்று கார் வைத்துக்கொண்டு, ஒரே அடுப்பு என்று சாதித்து, இருபது வருஷமாக ஒற்றை வரி கட்டி வந்தவர்கள். ஒரே வாரத்தில் அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்துவிட்டது. மூன்று அடுப்பு என்று எழுதச் சொன்னார்கள். பிரிந்தால்தான் ஆளுக்கு ஐந்து ஏக்கருக்குள் வரும். துரைராசு இதைக் கேட்டு டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பத்தில் பாதி ஐந்து.

குவைத்துக்குப் போன் போட்டார். பிரபு ஏதோ கட்டடத்தின் மாடியில் நின்றுகொண்டு, “ஒங்க இஷ்டம்ப்பா, எது சரின்னு படுதோ செய்ங்க” என்றான். மகன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். மருமகள் குந்தவையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் திருத்துறைப்பூண்டிப் பெண், பிஎஸ்சி படித்தவள். கல்யாணமாகி வந்து ஏழு வருஷத்தில் மாமனாரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

“சும்மா பேருக்குத்தாம்மா. ஆடி வரைக்கும். கொல்லைப்பக்க ரூமுல ஒரு கேஸ் அடுப்பை வச்சுக்க. அஞ்சு ஏக்கர் பிரபு பேருக்குன்னு சாமி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடறேன்.”

“சரிங்க மாமா,” என்றாள் குந்தவை.

கோயிலில் சூடம் ஏற்றி, மேலக்கரை ஐந்து ஏக்கர் மகனுக்கு என்று சொன்னார். சித்தாநல்லூரில் அம்மன் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் பத்திரம் என்று ஒன்று தேவையில்லை. புகழேந்தி எழுதிக்கொண்டார்: பிரபு, தனி அடுப்பு, ஊரில் இல்லாததால் மனைவி குந்தவை.

முதல் சில நாள் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. குந்தவை கொல்லை அடுப்பில் பாலைக் காய்ச்சிவிட்டு, வழக்கம்போல் பெரிய அடுப்பில் எல்லோருக்கும் சமைத்தாள். துரைராசுவின் மனைவி மங்களாம்பிகைக்கு முட்டிவலி; மருமகள் வந்த நாளிலிருந்து அடுப்படியில் அதிகம் நின்றதில்லை. எல்லாம் சொன்னபடி நடப்பதாகத் துரைராசு நினைத்தார்.

அப்போதுதான் வடக்குத் தெருக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். குழு போன நேரத்தில் மூன்று அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தன. மாலதி நேராகப் போய் உப்புச் சாடியைத் திறந்து பார்த்தாள். இரண்டு சமையலறையில் உப்பே இல்லை. “உப்பில்லாமலா சமைக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறாள். ஊர் சிரித்த சிரிப்பு கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. மூன்று அடுப்பும் பழையபடி ஒன்றாக எழுதப்பட்டு, அபராதமும் போடப்பட்டது. இனிமேல் அடுப்பைச் சேர்க்கவோ பிரிக்கவோ அந்தந்த அடுப்புக்காரரே வந்து சொல்ல வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் செல்லாது என்று புகழேந்தி விதியையும் இறுக்கினார்.

துரைராசுவுக்கு அபராதம் ஒரு பொருட்டில்லை. சிரிப்புதான் பயம். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? வீட்டுக்கு வந்து சட்டம் போட்டார். உப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் கொல்லை ரூமுக்குத் தனியாக வர வேண்டும். அந்த அடுப்பில் சோறு பொங்க வேண்டும். குழம்புக் கிண்ணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகக் கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கண் இருக்கிறது. பிரபுவிடமும் சொன்னார்: “தனிக் குடித்தனம்னா பணமும் தனியா வரணும். குழு கேட்டா பேங்க் புஸ்தகத்தைக் காட்டணும்ல. குந்தவை கணக்குக்கே போட்டுடு.”

அதுவரை பிரபுவின் பணம் அப்பா கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. குந்தவை தன் போனுக்கு ரீசார்ஜ் செய்வதற்கும் மாமாவிடம் சொல்லித்தான் செய்துகொள்வாள். கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. அதை அவரே பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கியபோது வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தது. குந்தவை ஒரு மிக்சி வாங்கினாள். பையனுக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கே சோறு போட்டு, அவனோடு தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். முன்பெல்லாம் துரைராசு டிவியில் விவாதம் எல்லாம் முடிந்து எழுந்து வந்து சாப்பிட்ட பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு. சனிக்கிழமை அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. ஒரு சனிக்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் வரும் மீன்காரரை நிறுத்திக் கொடுவா வாங்கினாள். கொல்லைப்பக்கமிருந்து மீன்குழம்பு வாசம் வந்து கூடத்தில் நின்றது. துரைராசுவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, கோபமும் வந்தது. இதில் எதை முதலில் அனுபவிப்பது என்று தெரியாமல் வாசலுக்குப் போய் நின்றார்.

“கேளேன் அவளை,” என்றார் மனைவியிடம்.

“என்னன்னு கேக்கறது? நீங்கதானே தனி அடுப்புன்னு சூடம் ஏத்துனீங்க,” என்றாள் மங்களாம்பிகை. அவள் வைத்த ரசம் அன்றைக்கும் சப்பென்று இருந்தது. நிற்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து சமைத்தாள்.

மேலக்கரை ஐந்து ஏக்கரில் இந்தத் தடவை என்ன நெல் விதைப்பது என்று அவர் பேச்சை எடுத்தபோது, “மாலதி அக்காகிட்ட கேட்டு விதை வாங்கிட்டேங்க மாமா. ஆளும் சொல்லியாச்சு” என்று குந்தவை அமைதியாகச் சொன்னாள். மரியாதை ஒரு மயிரிழை குறையவில்லை. சண்டை பிடிக்க ஒரு நுனி கிடைத்தால்தானே பிடிப்பதற்கு? ஆடி வரட்டும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று துரைராசு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பயம் ஒன்று உள்ளே வந்துவிட்டது. தான் பார்க்க இரண்டாகிப் போன வீட்டை ஒன்றாக்கிவிட வேண்டும். ஒன்பதாயிரம் இப்போது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுக்கு வரி தோற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். அந்த வரி இல்லையென்றால் இரண்டு அடுப்புக்கும் வேலை இல்லை. ஒன்றுக்கு மூவாயிரம் கட்டுகிற இடத்தில் இரண்டுக்கு ஆறாயிரம் கட்ட எந்த மடையன் சம்மதிப்பான்? ஆகவே வீடு வீடாகப் போனார். ஏக்கர் குறைந்தவர்களிடம், “இன்னைக்கு பத்து ஏக்கர்க்காரன், நாளைக்கு நீ” என்றார். குத்தகைக்காரர்களிடம், “என் மேல போடற வரி கடைசியில ஒன் குத்தகை மேலதான் விழும்” என்றார். தெற்குத் தெருவில் பக்கிரி பேசியதையே திருப்பிப் பேசினார். அந்தத் தெருவில் அவர் டீ குடித்தது அதுதான் முதல் தடவை. மாலதியும் வீடு வீடாகத்தான் போனாள். ஆனால் அவள் உரக்கடைப் பாக்கியைக் கேட்க வந்திருக்கிறாள் என்று பாதிப்பேர் கதவைத் திறக்கவில்லை.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். மண்டபத்துக்குப் போகும் வழியில் துரைராசு மருமகளிடம் சொன்னார்: “அடுக்கு வரி வேண்டாங்கறவங்க கை தூக்குங்கன்னு கேப்பாங்கம்மா. நான் தூக்கறப்ப நீயும் தூக்கிடு.”

“எனக்கும் அது வேணாம்னுதாங்க மாமா தோணுது,” என்றாள் குந்தவை.

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பேச்சு நீண்டது. மாலதி கடைசியாக இறங்கி வந்து, நிலமில்லாதவர்களும் நூறு ரூபாய் கட்டட்டும், முழு உரிமையோடு உட்காரட்டும் என்றாள். “நூறு ரூபாக்காரன்னு பேரு வச்சிடுவாங்கம்மா” என்றார் பக்கிரி. அவர் தெருவிலேயே பாதிப்பேர் மாலதிக்குக் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தபோது அடுக்கு வரி நூலிழையில் தோற்றிருந்தது. துரைராசுவின் கையும் குந்தவையின் கையும் ஒரே பக்கம் உயர்ந்திருந்தன. அந்த இரண்டு கையும் இல்லாவிட்டால் அது தோற்றிருக்காது.

மாலதி உட்கார்ந்தவள் தலை நிமிரவில்லை. அந்த ஐப்பசி கார்த்திகையிலும் தெற்குத் தெருவில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அது வருத்தமான விஷயம்தான், அதை மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. துரைராசு பெருந்தன்மையாக எழுந்து, மழைக்கால உதவிக்குத் தன் பங்காக இரண்டாயிரம் என்று அறிவித்தார். சிலர் கை தட்டினார்கள். வேறு யாரும் அறிவிக்கவில்லை.

உட்காருவதற்கு முன் அவர் சாவகாசமாகச் சொன்னார்: “அப்புறம் தலைவரே, நம்ம வீட்டை பழையபடி ஒரே அடுப்புன்னு எழுதிடுங்க. இனிமே எதுக்கு ரெண்டு?”

சிலர் சிரித்தார்கள். புகழேந்தியும் சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

“விதி ஒண்ணு போட்டுட்டமேண்ணே. அந்த அடுப்புக்காரங்களே சொல்லணும். குந்தவைம்மா, சேத்துடலாமா?”

குந்தவை எழுந்து நின்றாள். ஜமக்காளத்தில் அவள் அதற்கு முன் பேசியதில்லை.

“வேணாங்க. தனியாவே இருக்கட்டும். வரிக்குப் பயந்து பிரிஞ்ச அடுப்புன்னு இனிமே யாரும் சொல்ல மாட்டாங்கள்ல.”

“என்னம்மா சொல்ற?” என்றார் துரைராசு.

“அவர்கிட்ட பேசிட்டேங்க மாமா. எது சரின்னு படுதோ செய்யின்னாரு.” பிறகு புகழேந்தியிடம் திரும்பினாள். “எல்லா அடுப்புக்கும் ஒரே வரிதானேங்க? எங்க மாமா கட்டற மூவாயிரம்தானே எனக்கும்?”

“ஆமாம்மா. அதான் இப்ப முடிவாச்சே.”

முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். புகழேந்தி எண்ணி வாங்கி ரசீது போட்டார். ஓர் அடுப்பு, ஒரு வரி, ஒரு குரல் என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் பேசியவர் துரைராசுதானே, இப்போது அதற்கு எதிராக எதைப் பேசுவது? பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தார்.

வெயில் ஏறி வீடு வந்தபோது மங்களாம்பிகை அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“ஜெயிச்சுட்டோம்.”

“அப்பாடா. அப்ப அந்தப் பொண்ணை உள்ளே வந்து சமைக்கச் சொல்லுங்க. என்னால இன்னைக்கு எந்திரிக்கவே முடியல.”

கொல்லைப்பக்கம் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. துரைராசு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அவ வரமாட்டா. கத்திரிக்காயைக் குடு,” என்றார். “எப்படி நறுக்கணும்னு மட்டும் சொல்லு.”